இடது பக்கம் இழுத்த கார்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மெக்கானிக் செல்வம் போன் செய்தான். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்று எடுத்ததுமே, "அக்கா, பரமசிவம் அண்ணன் கடை சாத்தியிருக்கு" என்றான். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு மறுநாள்கூடச் சாத்தாத கடை அது. சில நாட்களாகத் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் விடியற்காலையில் போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் நான் பார்க்கப் போயிருந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "மழ பேயுதே தாயி, மாப்ளே மேல போயிருக்காரா?" என் வீட்டுக்காரர் மலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய உதிரிபாகக் கடையில் திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே வாங்கியிருக்கிறேன்.

முதல் தடவை போனபோது போனில் இருந்த ஆர்சி புத்தகத்தின் படத்தைக் காட்டி, இதில் போட்டிருக்கும் வருடத்து வண்டிக்குப் பிரேக் ரப்பர் வேண்டும் என்று கேட்டேன். படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வருசம் சொல்லாத தாயி. பழசைக் கொண்டா" என்றார். வருடமும் மாடலும் தெளிவாக இருக்கும்போது பழசு எதற்கு என்று நான் வாதாடினேன். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். காகிதத்தில் இருப்பதை நம்பிப் பழகியவள். அவர் கையில் இருந்த துணியைக் கல்லாமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த ஊர்ல ஓடுற பழைய வண்டி எதுலயும் அது பொறந்தப்ப இருந்த சாமான் இருக்காது. மேட்டுல நின்னு போனா எவன் வண்டியில எது கழட்டக் கெடைக்குதோ அதை மாட்டி எறக்கிருவாங்க. காரு ஒண்ணு, அச்சு ஒண்ணு, பிரேக்கு ஒண்ணு. ஆர்சி புக்குல அதெல்லாம் எழுதியிருக்குமா?"

எழுதியிருக்காதுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், போனில் படம் பார்த்துச் சாமானை வரவழைத்தார். பார்சல் வந்தது, சாமான் பொருந்தவில்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது பரமசிவம் அண்ணன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நம்ம மாப்ளே படத்தைப் பாத்தே பொண்ணெடுத்துட்டு வந்துட்டாருப்பா" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சிரித்தார். என்னைத் தங்கச்சி முறை வைத்துக்கொண்டதால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்பதற்காக ஒரு சலுகையும் கிடைத்ததில்லை. கேலிதான் கூடுதலாகக் கிடைத்தது.

எங்கள் கார் மாமனார் ஓட்டிய பழைய டீசல் கார். கோதுமை நிறம். அதற்கு ஒரு குணம் உண்டு. பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டால் என் அம்மா வீடு இடது பக்கம் வரும். "மாமியார் வீட்டைப் பாத்தா வண்டி தானா திரும்புது" என்று நாத்தனார்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்காரர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரு பிடி திருப்பியே வைத்திருப்பார். அது அவர் கையோடு ஒட்டிய பழக்கம். அது ஒரு கோளாறு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில், ஏலப்பழம் எடுக்கும் நேரம், காரின் இடது பின்சக்கரத்தில் எண்ணெய் ஒழுகியது. பிரேக்கை மிதித்ததும் எண்ணெயின் அழுத்தத்தில் பிரேக் கட்டைகளை விரித்துத் தள்ளுகிற சிறிய சிலிண்டர் ஒன்று ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கும். அதுதான் போயிருந்தது. செல்வம் கழற்றிக் கொடுத்தான். இந்தத் தடவை ஒழுங்குப் பிள்ளையாக நான் பழசையே கொண்டுபோனேன். பரமசிவம் அண்ணனுக்கு மகிழ்ச்சி. துடைத்து, அளந்து, "எட்டு நூலு" என்று சொல்லி, அச்சு அசலாக அதே மாதிரிப் புதுசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக்குகள் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தது ஓர் அங்குலம். பழசை அவரே வாங்கிக் கல்லாவுக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

செல்வம் அதை மாட்டினான். மறுநாள், எதற்கும் இருக்கட்டும் என்று வலது பக்கத்தையும் பிரித்து, அந்தச் சிலிண்டருக்குள் இருந்த தேய்ந்த ரப்பர்களை எடுத்துவிட்டுத் தன் டப்பாவில் இருந்த புது ரப்பர்களைப் போட்டான். பழைய ரப்பர்கள் இரண்டையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடம் தந்தான். மாற்றிவிட்டேன் என்பதற்கு அத்தாட்சியாக மெக்கானிக்குகள் அப்படித் தருவது வழக்கம்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் பழம் எடுக்க வரும் மூக்கம்மாளையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பொழுது சாயுமுன் அவர்களோடு இறங்கிவிடுவதாகப் பேச்சு. அன்று மத்தியானத்துக்கு மேல் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பாலிதீன் பை என் கைப்பையில் இருப்பது தெரிந்தது. கழற்றின சாமானைத் தன்னிடம் காட்டாமல் குப்பையில் போடக் கூடாது என்று அண்ணன் கட்டளை போட்டிருந்தார். இந்த மனுஷனோடு பெரிய ரோதனை என்று முனகிக்கொண்டே கடைக்குள் நுழைந்து அதைக் கல்லாமேல் வைத்தேன்.

அவர் அப்போது வேன்காரர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே ஒரு ரப்பரை எடுத்தார். கல்லாவுக்குக் கீழே இருந்து எங்கள் பழைய சிலிண்டரையும் எடுத்தார். சும்மா விளையாட்டுப்போல ரப்பரை அதன் வாய்க்குள் வைத்தார். இறுக்கமாகப் பிடித்து நிற்க வேண்டிய ரப்பர் நிற்கவில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வழியாகக் கீழே விழுந்து உருண்டு போனது.

திட்டு பாதியில் நின்றது.  மற்ற ரப்பரையும் போட்டுப் பார்த்தார். அதுவும் விழுந்தது.

"இது வலது பக்கத்து ரப்பரா?"

"ஆமாண்ணே. செல்வம் குடுத்தான்."

"வலது ஏழு நூலு. இடது எட்டு நூலு." என்னைப் பார்த்து இல்லை, கையில் இருந்ததைப் பார்த்துச் சொன்னார். பிறகு தலை நிமிர்ந்தார். "மாப்ளே எங்க?"

மேலே போயிருக்கிறார், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார் என்றேன். அவர் முகம் கறுத்தது. அப்போதும் எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் எனக்குச் சொன்னார் என்பதைவிடத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பின்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவன் வேறு வண்டியின் பெரிய சிலிண்டரை இடது பக்கம் மாட்டிவிட்டிருக்கிறான். வெளியே பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வண்டி இத்தனை வருடமாக இடது பக்கம் இழுத்தது அதனால்தான். பழசு தேய்ந்து ஒழுகிப் பாதி வேலைதான் செய்தது, அதனால் தப்பித்தோம். இப்போது போட்டிருப்பது புதுசு. முழு பலத்தோடு பிடிக்கும். ஈர ரோட்டில் இறக்கத்தில் மிதித்தால் இடது சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றும். சுற்றாவிட்டாலும் அந்த ஒரு சக்கரமே சூடேறி எண்ணெய் கொதித்துவிடும். அப்புறம் பிரேக்கே இருக்காது.

"ஏறும்போது எஞ்சினுக்குச் சோலி, எறங்கும்போதுதான் பிரேக்குக்குச் சோலி" என்று அவர் அடிக்கடி சொல்வார். காலையில் ஏறிப் போனபோது ஒன்றும் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அண்ணன் போடிமெட்டில் இருக்கும் டீக்கடைக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்டது: "இப்பத்தாண்ணே டீ குடிச்சிட்டு எறங்குனாரு." அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கி நின்ற வேன்காரரிடமே, "கடையப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு நான் பின்னால் ஏறினேன்.

அடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தூறல் பிடித்தது. வளைவுகளில் வெண்புகைபோல் மஞ்சு இறங்கிக் கிடந்தது. தோட்டத்து வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகளை அண்ணன் கை காட்டி நிறுத்தினார். எல்லா டிரைவர்களுக்கும் அவரைத் தெரியும்.

"மேல கோதுமைக் கலர் காரப் பாத்தியா?"

"பாத்தேண்ணே, முந்திட்டுத்தான் வந்தேன். மெதுவாத்தான் வர்றாரு. முன்னாடி ஒரு லோடு லாரி. வழி கெடைக்காம மிதிச்சு மிதிச்சு வர்றாரு."

மெதுவாக வருகிறார் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அண்ணன் முகம் இன்னும் கறுத்துவிட்டது. மிதித்து மிதித்து வந்தால் அந்தச் சக்கரம் அடுப்பாகியிருக்கும் என்று ஸ்கூட்டரை முறுக்கினார். இரண்டு வளைவு தாண்டியதும் எங்களுக்கு மேலே உள்ள ரோட்டில் லாரியின் முதுகும் அதன் பின்னால் எங்கள் காரும் மஞ்சுக்குள் தெரிந்து மறைந்தன. நான் ஸ்கூட்டரிலிருந்து குதித்து ரோட்டின் நடுவே ஓடினேன். இரண்டு கையையும் தூக்கி நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அண்ணன் என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். வலித்தது. "குறுக்க நிக்காத தாயி. ஒன்னயப் பாத்தா மாப்ளே பதறிப்போயி மிதிச்சிருவாரு. மிதிக்க வைக்கக் கூடாது. அதுதான் ஆபத்து."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பின்னே எப்படித்தான் நிறுத்துவது என்று கத்தினேன். அவர் ரோட்டைப் பார்த்தார். எங்களுக்குக் கொஞ்சம் கீழே மலைப்பக்கம் மண் சரிந்து குவிந்து கிடந்தது. இறங்குகிறவர்களுக்கு அது இடது கைப்பக்கம். "அங்க போயி நில்லு. பெரிய கல்லா ஒண்ணு எடுத்து வச்சுக்க. வண்டி மண்ணுல ஏறுனதும் முன் டயருக்கு அண்டக் குடு. அதுக்கு முன்னாடி ரோட்டுல கால் வைக்காத." சொல்லிவிட்டு ஸ்கூட்டரை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பு ஒன்றைக் கீழே வளைவில் நிறுத்தி, ஏறி வருகிற வண்டிகளை மறிக்கச் சொன்னார்.

லாரி எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் கார் வளைவில் திரும்பியது. காருக்கும் லாரிக்கும் இடையில் அண்ணன் ஸ்கூட்டரை விட்டார். அவரைப் பார்த்த திகைப்பில் வீட்டுக்காரர் பிரேக்கைத் தொட்டிருக்கிறார். காரின் முகம் இடது பக்கம் வெட்டியது. பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து ஒரு முறை சறுக்கியது. கண்ணாடிக்குள் மூக்கம்மாள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வண்டி மறுபடி நேரானது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மேலே தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். "பிரேக்கு வேணாம் மாப்ளே, ரெண்டாவது கியரு" என்று அவர் கத்தியது மலையில் பட்டுத் திரும்பியது. எஞ்சின் சத்தம் மாறியது. பிறகு ஒரு விரல். எஞ்சின் இன்னும் உறுமியது. கார் தயங்கித் தயங்கி ஊர்ந்தது. ஏன் என்று தெரியாமலே வீட்டுக்காரர் சொன்னபடி செய்தார். இத்தனை வருடம் திட்டு வாங்கியது அன்றைக்கு உதவியது. மண் குவியல் வந்ததும் அண்ணன் அதைக் கை காட்டிவிட்டு விலகினார். கார் மண்ணில் மூக்கை நுழைத்து, கொஞ்சம் ஏறி, எஞ்சின் அணைந்து நின்றது. நான் கல்லை டயருக்கு முன்னால் தள்ளினேன். 

இடது பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. மூக்கம்மாள் இறங்கி, "என்னங்கய்யா, நடுக்காட்டுல நிப்பாட்டிட்டீக?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் இறங்கிப் பானெட்டில் சாய்ந்துகொண்டார். கடைசி இரண்டு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதாகவும், இழுப்பு அதிகமாக இருந்ததாகவும், ஆனால் நம் வண்டி எப்போதும் இழுக்கிற வண்டிதானே என்று இருந்துவிட்டதாகவும் சொன்னார்.

ஜீப்புக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் அண்ணன் சொன்னார்: "தப்பு எம்பேருலதான். நான் குடுத்த சாமான்."

"பழசும் அதே மாதிரிதானண்ணே இருந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"பழசே தப்பு மாப்ளே. நீங்க தப்பைக் கொண்டாந்து காட்டுனீக. நான் அதே தப்பைப் புதுசாக் குடுத்துட்டேன். இன்னொரு பக்கம் என்ன இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது அதைச் சொல்வதில் கூச்சமில்லை. நான்கு உயிர் போயிருக்கும், இவர் சாமானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஆத்திரமாக இருந்தது. அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்த பிறகுதான் அடங்கினேன். நின்றுவிட்ட வண்டிக்கே இன்னும் இரண்டு கல்லை உருட்டிவந்து அண்டை கொடுத்தார். பெண்களை ஒரு ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். காரைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

அந்தக் காருக்கு ஏழு நூல் சிலிண்டர் இடது பக்கத்துக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. கீழே விழுந்த அந்த ரப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேனி, திண்டுக்கல், மதுரை என்று அண்ணன் அலைந்தார். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாமான் எத்தனையோ கிடைத்தது; தொடவில்லை. பழம் செடியில் பழுத்து உதிர்கிறதே என்ற கவலையில், இருப்பதை வைத்து ஓட்ட முடியாதா என்று வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டார். "இருக்கிறத வச்சுத்தான மாப்ளே இத்தன வருசம் ஓட்டுனீக" என்றார். கடைசியில் மதுரையில் ஒரு பழைய கடையின் பரணில் ஜோடியாகவே கிடைத்தது. செல்வம் மாட்டும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் தானே அளந்தார். முந்தல் ரோட்டில் முதல் ஓட்டத்துக்கு அவரே முன்சீட்டில் ஏறினார். பிரேக்கை மிதித்ததும் கார் இடது பக்கம் இழுக்கவில்லை. வீட்டுக்காரர் வழக்கப்படி ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பி வைத்திருந்ததால் வலது பக்கம் ஒதுங்கியது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு திட்டு கிடைத்தது.

அந்த எட்டு நூல் சிலிண்டரைக் கடை வாசலில், திருஷ்டிக்குத் தொங்கும் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பார்த்திருப்பீர்கள். என்ன இது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் ஒரு குடும்பத்தக் கொல்லப் பாத்த சாமான்" என்று முழுக் கதையையும் சொன்னார். வியாபாரம் படுத்துவிடும் என்று அண்ணி சண்டை போட்டார். "படுத்தா எந்திரிச்சுக்கலாம். வண்டி உருண்டா யாரு எந்திரிக்கிறது?" என்றார். பழசைக் கொண்டா என்ற பேச்சு அன்றோடு மாறியது. "ஒரு பக்கத்த நம்பாத. ரெண்டு பக்கமும் கழட்டிக் கொண்டா." இரட்டை வேலை என்று மெக்கானிக்குகள் முனகினார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவர் அசையவில்லை.

மழை பெய்தால் எனக்குப் போன் வரும். மாப்ளே மேலே போயிருக்காரா என்று கேட்பார். போயிருக்கிறார் என்றால், இறங்கியதும் சொல்லு என்பார். நான் சொல்லும்வரை கடையைச் சாத்த மாட்டார் என்பது அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்த இறக்கத்தில் அவர் எங்களோடு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

காரியம் முடிந்த பிறகு, அண்ணன் நினைவாகக் கடையிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள் என்று அண்ணி சொன்னார். வாசலில் தொங்கிய சிலிண்டரைப் பார்த்தேன். அது தொங்க வேண்டிய இடம் அதுதான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை நல்ல மழை. வீட்டுக்காரர் மூக்கம்மாளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருந்தார். போன் அடிக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். இருட்டுமுன் கார் தெருவில் திரும்பி, வீட்டு முன்னால் நேராக வந்து நின்றது. பழக்கம் விடாமல் அவர் கை மட்டும் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரு பிடி பிடித்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்து, "காப்பி இருக்கா?" என்று கேட்டார். பரமசிவம் அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இப்படிக் காப்பி கேட்கிற ஆளைத்தான்.